இரண்டு றாத்தல் துவக்கு

துவக்கை ஒற்றைக் கையால் தூக்கிப் பிடித்த தியாகலிங்கத்தின் கை பதினொரு விநாடி தாங்கியது. பன்னிரண்டாவது விநாடியில் குழல் மெல்லச் சாய்ந்து, அன்று காலை பூசி முடித்த சுவரில் குத்திக்கொண்டு நின்றது.

கமெராவுக்குப் பின்னாலிருந்து மகேஸ்வரன் தலையை நீட்டினார்.

"என்னண்ணை, கை இறங்குது?"

"கை இறங்கேல்லை. துவக்கு இறங்குது," என்றார் தியாகலிங்கம். "உது சமநிலை இல்லாத சாமான். ஆர் உங்களுக்கு வித்தவன்?"

இது நடந்தது 1996 செப்ரெம்பரில், ஸ்காபரோவில், மகேஸ்வரன் வீட்டு பேஸ்மென்றில். மகேஸ்வரன் வீடு விற்றுக் கொடுப்பவர். பழைய மாணவர் சங்கத்துக்குத் தலைவர். சங்கத்துக்குப் பத்து வயது. அதுவரை வந்த ஒன்பது ஆண்டுமலர்களின் அட்டையிலும் சரஸ்வதி இருந்தாள். பத்தாவதுக்கு வீரமாக ஏதாவது போடுவோம் என்று செயற்குழு தீர்மானித்தது. சரஸ்வதியிடம் யாரும் அபிப்பிராயம் கேட்கவில்லை. வீரம் என்றால் தியாகலிங்கம், தியாகலிங்கம் என்றால் மதகடிச் சம்பவம். துவக்குக்கும் அலையத் தேவையிருக்கவில்லை. மான் வேட்டைக்காரன் என்று வெள்ளைக்காரர் மத்தியில் பெயரெடுப்பதற்காக மகேஸ்வரன் முறைப்படி லைசென்ஸ் எடுத்து ஒரு செமி ஓட்டோமற்றிக் வாங்கியிருந்தார். எட்டு றாத்தல். அன்றுவரை எந்த மானுக்கும் அதனால் ஒரு குறையும் வந்ததில்லை.

மதகடிச் சம்பவத்தைத் தியாகலிங்கம் கலியாண வீட்டிலும் சொல்லியிருக்கிறார், சாமத்திய வீட்டிலும் சொல்லியிருக்கிறார், செத்த வீட்டில் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றும் சொல்லியிருக்கிறார். வசனம் மாறுவதில்லை.

"பின்னேரம் அஞ்சு மணி. மதகிலை நான் தனிய. வெள்ளைச் சேட்டு. ஒளிக்கேல்லை. ஒற்றைக் கையிலை துவக்கு, இப்பிடி. ஆமி ஜீப் வந்து இருநூறு யார் தூரம் தள்ளி நிண்டிட்டுது. பத்து நிமிசம். நான் கையை இறக்கேல்லை. ஜீப் வந்த வழியே பின்னாலை போச்சுது. ஒரு வெடி வைக்கேல்லை."

'இப்பிடி' என்கிறபோது வலது கையை உடம்பிலிருந்து தள்ளிப் பக்கவாட்டில் நீட்டி, முகத்தைக் கொஞ்சம் மறுபக்கம் திருப்புவார். துவக்கைப் பார்க்காமலே எதிரியை நிறுத்துகிற அந்த அலட்சியத்தில்தான் சபை சொக்கும். கை நோகவில்லையா என்று யாராவது கேட்பார்கள். "என்னண்டு நோகும்? ரெண்டு றாத்தல் வராது. இறகு." எந்த ஊர் மதகு, எந்த இயக்கம் என்று கேட்டால், உதெல்லாம் இன்னும் கதைக்கக் கூடாது என்று குரலைத் தாழ்த்துவார். அதற்குப் பிறகு சபையும் குரலைத் தாழ்த்திக்கொள்ளும்.

"மூண்டு கிழமை தாருங்கோ," என்றார் இப்போது. "லேசான சாமானாப் போட்டு இதைத் திருத்தித் தாறன். நன்றிகூறல் திங்கள் லீவுக்குச் சுட்டுப் பழகிற இடத்திலை வைச்சே படம் எடுப்பம்."

வெறும் படம் போதாது, சுடுவதையும் வீடியோ எடுத்து ஆண்டுவிழாவில் போடுவோம் என்று மகேஸ்வரன் தீர்மானத்தைத் திருத்தினார். செயற்குழு தலையாட்டியது. மூலையில் இருந்த அமிர்தநாதர் எழும்பி வந்து சுவரில் விழுந்த ஓட்டையைப் பார்த்தார். மன்னார்க்காரர், தச்சர். மொன்றியலிலிருந்து வந்து ஆறு மாதம். மகேஸ்வரன் விற்கிற வீடுகளுக்கெல்லாம் பேஸ்மென்ற் கட்டிக் கொடுப்பவர். பேச்சுக் குறைந்த மனிதர். பூசுகிற கரண்டியை எடுத்துவந்து ஓட்டையை அடைத்தார்.

வீட்டில் தியாகலிங்கம் எட்டு றாத்தல் அரிசிப் பையை ஒற்றைக் கையால் நீட்டிப் பிடித்துக்கொண்டு நிற்பதை மனைவி சந்திரவதனா கண்டாள்.

"அரிசியோடை என்ன கோவம்?"

"பழகிறன்."

"கை நோ எண்டு சொன்னால் என்ன? ஆர் இஞ்சை உங்களைத் துவக்குப் பிடிக்கச் சொல்லி அழுதது?"

பிறம்ரன் வெயார்ஹவுசில் அவருக்கு ஒன்பது வருஷம். 'இருவர் தூக்கவும்' என்று எழுதியிருக்கிற பெட்டிகளைத் தனியாகத் தூக்குகிற வேலை. இருபத்துமூன்று வயது சூப்பர்வைசர் அவரைத் 'தியா' என்று கூப்பிடுவான். சில நாள் அதுவும் இல்லாமல் விரலைச் சொடுக்குவான். சனிக்கிழமை ஏதாவது மண்டபத்துக்குள் நுழைகிறபோதுதான் நாலு பேர் எழும்பி, முன் வரிசையில் கதிரை இழுத்துப் போடுவார்கள். அந்தக் கதிரைக்கு நாலு கால். நாலும் மதகடியில்தான் ஊன்றியிருந்தன. கை இறங்கினால் கதை இறங்கும். கதை இறங்கினால் மிஞ்சுவது பெட்டி தூக்குகிற தியா.

துவக்குக் கடை நியூமார்க்கெட் தாண்டி இருந்தது. கடைக்காரர் பேர்ட், எழுபது வயதுக் கிழவர், துவக்கைத் தராசில் வைத்துப் பார்த்து, மரப் பின்கட்டையைக் கழற்றிவிட்டு உள்ளே வெறுமையான பிளாஸ்ரிக் கட்டை போடலாம், ஒன்றரை றாத்தல் குறையும் என்றார். முன்பு பிடித்த துவக்கு என்ன பாரம் என்று பேச்சுவாக்கில் கேட்டார். இரண்டு றாத்தல் என்றார் தியாகலிங்கம்.

கிழவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். ஐம்பது வருஷமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன், இரண்டு றாத்தலில் அந்த அளவுத் துவக்கு உலகத்தில் எவனும் செய்ததில்லை, அப்படி ஒன்றைச் செய்தவனைச் சாவதற்கு முன் ஒருமுறை பார்க்க ஆசை என்றார்.

"அது எங்கட ஆக்கள் செய்தது," என்று மகேஸ்வரன் மார்பை நிமிர்த்தி ஆங்கிலத்தில் சொன்னார்.

கிழவர் மரியாதையோடு கண்ணாடிப் பெட்டியைத் திறந்து, குழலின் வாயில் பூட்டுகிற சாமான்களைக் காட்டினார். நீளமானவை, கட்டையானவை, பக்கத்தில் கீறல் வைத்தவை, துளை போட்டவை. தியாகலிங்கம் குனிந்தார். கண் ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் போனது. கூடு மாதிரிக் கீறல் வைத்த ஒன்றைத் தொட்டு, இதில் நாலு கீறல் வைத்ததும் இருக்கிறது, ஆறு வைத்ததும் இருக்கிறது என்றார். அடுத்ததைக் காட்டி, இது பழசு, விளிம்பில் இப்படித்தான் தேயும் என்றார். கிழவர் வியந்துபோனார். எங்கே படித்தாய் என்று கேட்டார்.

அதற்கு மட்டும் தியாகலிங்கம் உண்மையைச் சொல்லியிருக்கலாம். நாலு கீறல், வவுனியா போகிற வழியில் ஒரு சோதனைச் சாவடி. வெயிலில் முழங்காலில் இரண்டு மணித்தியாலம், அது மூக்கிலிருந்து ஒரு சாண் தள்ளி. ஆறு கீறல், பஸ்ஸிலிருந்து எல்லோரையும் இறக்கிய இன்னொரு நாள். விளிம்பு தேய்ந்தது அவருடைய கன்னத்தைத் தொட்டது. குளிர்ச்சியாக இருந்தது இன்னும் ஞாபகம். துவக்கின் முன்பக்கத்தைப் பற்றி அவருக்குத் தெரிந்த அளவுக்கு அந்தக் கடையில் யாருக்கும் தெரியாது. பின்பக்கம் எப்படியிருக்கும் என்பதைத்தான் மகேஸ்வரனின் பேஸ்மென்றில் முதன்முதலாகப் பார்த்தார்.

மதகு? அது பாங்கொக்கில் கிடைத்தது. எண்பத்தேழில், கனடாவுக்கு ஆள் அனுப்புகிற ஏஜென்ற் பதினொரு பேரை ஒரு அறையில் பூட்டி, ஜன்னலுக்குக் கறுப்புச் சீலை அடித்து, பகலிலும் வெளிச்சம் போட விடாமல் வைத்திருந்தான். பொழுது போகாமல் ஆளாளுக்குக் கதை சொன்னார்கள். அலுமாரிக்குப் பின்னால் படுத்திருந்த ஒருவன், முகம் தெரியாது, ஒரு மத்தியானம் இந்தக் கதையைச் சொன்னான். ஜீப் பின்னால் போகிற இடத்தில் கதவு திறந்து ஏஜென்ற் தியாகலிங்கத்தின் பெயரைக் கூப்பிட்டான். படி இறங்குகிறபோது அறைக்குள் பத்துப் பேரும் வெடித்துச் சிரிப்பது கேட்டது. ஓடிப்போன ஜீப்பை நினைத்துச் சிரிக்கிறார்கள் என்று அவரும் படியில் தனியாகச் சிரித்துக்கொண்டார். றொறன்ரோவில் இறங்கிய முதல் வருஷம் கதையை அவன் சொன்னதாகவே சொன்னார். யாரும் காது கொடுக்கவில்லை. இரண்டாம் வருஷம் 'அவன்' உதிர்ந்து 'நான்' முளைத்தது.

பிளாஸ்ரிக் கட்டை போட்ட துவக்கை ஒற்றைக் கையில் பத்தொன்பது விநாடி பிடிக்க முடிந்தது. படத்துக்கு அது தாராளம். முதல் சிக்கல் சுடுகிறபோது வந்தது.

பீற்றர்பரோ போகிற வழியில் இருந்த சுடுகிற இடத்துக்கு மகேஸ்வரன் விருந்தாளியாகக் கூட்டிப்போனார். அங்கே பொறுப்பாக நின்ற பெண்மணி, குழலுக்கு முன்னால் போக வேண்டாம் என்று தியாகலிங்கத்தை இரண்டு தரம் எச்சரித்தாள். துவக்கை முன்னால் நின்று பார்த்துத்தான் அவருடைய கால்களுக்குப் பழக்கம். ஒருவழியாகப் பின்பக்கம் வந்து, தோளில் வைத்து, விசையை அழுத்தினார். பாரம் குறைந்த துவக்கு பலமாக உதைக்கும் என்பது அவருக்கு அந்தக் கணத்தில், தோள்மூட்டு வழியாகத் தெரிய வந்தது. பின்னால் நின்ற மகேஸ்வரன்மேல் சாய்ந்தார். வீடியோவில் வானம் மட்டும் விழுந்திருந்தது.

"எங்கட துவக்கு உதைக்காது," என்றார், தோளைத் தடவிக்கொண்டு. இதில் பொய் ஒன்றும் இல்லை என்பது அப்போது அவருக்கே தெரியாது.

உதையைக் குறைக்கப் பேர்ட் குழல் வாயில் ஒரு பிரேக் பூட்டினார். துளைகள் வழியே புகை பக்கவாட்டில் போகும், உதை பாதியாகும் என்றார். பாதியானது. புகையோடு சத்தமும் பக்கவாட்டில் போனது. அடுத்த மேசைக்காரனின் கோப்பி கவிழ்ந்தது, பொறுப்பான பெண்மணியின் கையிலிருந்த பதிவேட்டின் தாள்கள் எழும்பிப் பறந்தன, அருகில் கமெராவோடு நின்ற மகேஸ்வரனுக்கு இரண்டு நாள் காது கேட்கவில்லை. அந்த இரண்டு நாளும் வீட்டில் யார் என்ன கேட்டாலும் அவர் ஓம் என்றார். கலியாணம் கட்டியதிலிருந்து இவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை என்று மகேஸ்வரனின் மனைவி, சந்திரவதனாவுக்கு ரெலிபோன் எடுத்துச் சொன்னாள்.

சத்தத்தைக் குறைக்க ஏதாவது குழாய் இருக்கிறதா என்று தியாகலிங்கம் பேர்ட்டிடம் கேட்டார். கிழவர் கதவுப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, இந்த நாட்டில் அதற்குச் சிறை என்றும், அந்தக் கேள்வி தன் காதில் விழவில்லை என்றும் சொன்னார். தியாகலிங்கம் உடனே தானும் கேட்கவில்லை என்றார்.

பிரேக் முன்னால் பாரம் ஏற்றியதில் துவக்கு இப்போது ஒன்பது விநாடியில் மூக்கு நிலத்தைப் பார்த்தது. அதற்காகக் குழலை மெல்லிசானதாக மாற்றினார்கள். மெல்லிசுக் குழல் நாலு வெடியில் சூடாகி, ஐந்தாவது வெடி தன் பாட்டில் போனது. பக்கத்துக்காரனின் இலக்குத் தாளில் ஒரு துளை அதிகமாக இருந்தது. அவன் நன்றி சொன்னான். ஆட்டத்தை அடக்கப் பின்கட்டைக்குள் ஈயம் வைத்தார்கள். தோளுக்கு ரப்பர் மெத்தை ஒட்டினார்கள். கடைசியில் பேர்ட் துவக்கைத் தராசில் வைத்து, கொஞ்ச நேரம் முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தார். எட்டேகால் றாத்தல்.

சுடுகிற இடத்துக்கும் கடைக்கும் வானை ஓட்டியவர் அமிர்தநாதர். அன்று கடையில் ஒரு மூலையில் நின்று, கழற்றிப் போட்ட மரக்கட்டையைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவராக வாய் திறந்தது அன்றைக்குத்தான் முதல் முறை.

"அண்ணை, ரெண்டு றாத்தல்தான் வேணுமெண்டால் முழுத் துவக்கையும் மரத்திலை செய்ய வேணும்."

மகேஸ்வரன் விழுந்து விழுந்து சிரித்தார். தச்சனிட்டைக் கேட்டால் தச்சன் வேறை என்ன சொல்லுவான் என்றார். தியாகலிங்கமும் சிரித்தார். தன்னைவிடத் துவக்குத் தெரியாத ஒருவனைக் கண்ட ஆறுதல் அவருக்கு.

நன்றிகூறல் திங்கள் வந்தது. நல்ல வெயில், மேப்பிள் எல்லாம் சிவந்திருந்தது. செயற்குழு மூன்று காரில் வந்து இறங்கியது. யாரோ பற்றிசும் றோல்சும் கொண்டுவந்திருந்தார்கள். படத்துக்காகத் தியாகலிங்கம் வெள்ளைச் சேட்டு போட்டிருந்தார். பொறுப்பான பெண்மணி துவக்கில் வெடிக்கிற ரவை இல்லை என்று தானே பார்த்து உறுதிசெய்து, குழல் வானத்தைப் பார்க்க வேண்டும் என்ற நிபந்தனையில் கொடுத்தாள்.

தியாகலிங்கம் கையை நீட்டினார். மூன்று கிழமை அரிசிப் பையும், உதை வாங்கிய தோளும், எட்டேகால் றாத்தலும் ஒன்றாகச் சேர்ந்துகொண்டன. ஒன்று, இரண்டு, மூன்று. நாலாவது விநாடியில் முழங்கை நடுங்கத் தொடங்கியது. ஐந்தில் இடது கை தானாக ஓடிவந்து தாங்கியது. இன்னொருமுறை முயன்றார். அதுவும் நாலு.

மகேஸ்வரன் கமெராவை இறக்கினார். அவர் முகத்தில் கேலி இல்லை. வீடு பார்க்க வந்தவர்களுக்கு முன்னால் கூரை ஒழுகுவதைக் கண்டவரின் முகம்.

"அண்ணை, பத்து நிமிசம் எண்டு சொன்னியள்," என்றார் மெதுவாக.

பற்றிஸ் தின்றவர்கள் மெல்லுவதை நிறுத்தினார்கள். முன் வரிசைக் கதிரையின் நாலு காலும் ஆடுவதைத் தியாகலிங்கம் நின்ற இடத்திலேயே உணர்ந்தார். சொல்லிவிடலாம் என்று ஒரு கணம் நினைத்தார். வாயைத் திறந்தார்.

"அண்ணைக்குத் தோள் பிசகியிருக்கு," என்றார் அமிர்தநாதர், கூட்டத்துக்குப் பின்னாலிருந்து. "அண்டைக்குச் சுடேக்கை நான் கண்டனான். இப்ப கையை வருத்தினால் நிரந்தரமாப் போடும். படத்துக்குத்தானே, நான் பிடிக்கிறன். முகம் விளங்காமல் எடுங்கோ."

மகேஸ்வரனுக்கு உடனே உயிர் வந்தது. சூரியனுக்கு எதிரே நிறுத்தி எடுத்தால் ஆள் கறுப்பாக மட்டும் தெரியும், அது இன்னும் கலையாக இருக்கும் என்றார். தியாகலிங்கத்தின் தோளைச் செயற்குழு ஒவ்வொருவராகத் தொட்டு விசாரித்தது. வெள்ளைச் சேட்டு கைமாறியது. அமிர்தநாதர் துவக்கை வாங்கினார். காலை நிலத்தில் ஊன்றி, வலது கையை உடம்பிலிருந்து தள்ளி நீட்டி, முகத்தைக் கொஞ்சம் மறுபக்கம் திருப்பினார். முப்பது வருஷம் மரம் அரிகிற வாளும் உளியும் பிடித்த கை அசையவில்லை.

"இப்பிடித்தானே, அண்ணை?"

"அச்சொட்டா அண்ணை மாதிரியே நிக்கிறீர்," என்றார் மகேஸ்வரன், படம் எடுத்தபடி. "தலை திருப்பிறது கூட."

தியாகலிங்கத்துக்கு அந்த 'இப்பிடி' எங்கேயோ கேட்ட குரலாகக் காதில் நெருடியது. ஒரு குரலை முகத்தோடு கேட்பது வேறு, முதுகைப் பார்த்துக்கொண்டு கேட்பது வேறு.

திரும்பும்போது அவர் மற்றக் கார்களில் ஏறாமல் அமிர்தநாதரின் வானில் ஏறினார். உள்ளே சுண்ணாம்பும் அரிந்த மரமும் மணந்தன. விடுமுறை முடிந்து திரும்புகிற கார்களில் தெரு அடைத்துக்கிடந்தது. தியாகலிங்கம் முன்னால் போன காரின் சிவப்பு விளக்கைப் பார்த்தபடி கேட்டார்.

"நீர் பாங்கொக்கிலை இருந்தனீரோ?"

"ஓம். அலுமாரிக்குப் பின்னாலை."

வான் ஒரு கார் நீளம் நகர்ந்தது, மறுபடி நின்றது.

"ஆறு மாசமா நான் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டிருந்தனீர். ஒரு வார்த்தை சொல்லேல்லை."

"என்னத்தைச் சொல்லுறது? நான் சொல்லேக்கை ஆக்கள் சிரிக்கிறவை. நீங்கள் சொல்லேக்கை எழும்பி நிக்கினம். எனக்கும் கேக்க நல்லாத்தான் இருந்தது, அண்ணை."

தியாகலிங்கம் தோளைத் தடவினார். மலரின் அட்டையில் வரப்போவது உண்மையான ஆளின் படம் என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. வெட்கத்தோடு ஒரு விதமான நிம்மதியும் வந்தது. பத்து நிமிடம் ஒற்றைக் கையில் நின்ற ஒரு மனிதன் உண்மையாகவே இருந்திருக்கிறான். அவனுக்குப் பக்கத்தில்தான் நான் இருக்கிறேன். கேட்க வேண்டியது ஒன்றுதான் மிச்சம்.

"நான் படி இறங்கேக்கை எல்லாரும் சிரிச்சவை. ஜீப் ஓடினதுக்குத்தானே?"

அமிர்தநாதர் கியரை மாற்றினார்.

"நீங்கள் முடிவைக் கேக்காமல் எழும்பிப் போட்டியள், அண்ணை. அது கோயில் நாடகத்துக்கு நான் முள்முருக்கு மரத்திலை செய்த துவக்கு. கறுப்புப் பெயின்ற் காயேல்லை, வெள்ளைச் சேட்டிலை பட்டால் மனிசி கொல்லுமெண்டுதான் தள்ளிப் பிடிச்சுக்கொண்டு நிண்டனான்."